பின்தெருவில் வாங்கிய ஒயின்

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். அவர்களைக் கட்டிக்கொண்டவர்களை மாமனார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது பெரியவர், சின்னவர் என்று சுருங்கிப்போயிருந்தது. பெரியவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற தொழில். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றால் முதல் போன் அவருக்குத்தான் வரும். வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும். சின்னவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேனேஜர். அவர் இருக்கிற இடத்தில் மற்றவர்களுக்குப் பேச இடைவெளி கிடைக்காது. ஆனாலும் அவர் வராத விசேஷத்தை யாரும் விசேஷமாகவே எண்ணமாட்டார்கள். பந்தியில் சாப்பாடு தாமதமானாலும் சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பசி தெரியாது என்பார் மாமனார்.

சகலைகளுக்குள் ஒத்துப்போவது அபூர்வம். இவர்களுக்கு ஒத்துப்போனது. சின்னவருக்குப் பேச ஒரு காது தேவை, பெரியவருக்குப் பேசாமல் இருக்க ஒரு துணை தேவை, அதனால்தான் என்று அக்காவும் தங்கையும் கேலி செய்வார்கள்.

வெளிநாட்டுப் பயணம் சின்னவர் போட்ட திட்டம். அவர் கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம். "ரெண்டு ஜோடியும் சேர்ந்து போவோம். நம்ம சகலை வாழ்நாள் பூரா மேலயும் கீழயும்தான் போயிருக்காரு, ஒரு தடவை பக்கவாட்டுல கூட்டிட்டுப் போவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். விமான டிக்கெட், ரயில், தங்குகிற வீடு, போய்ப் பார்க்கிற கோட்டை, ஏறுகிற படகு எல்லாவற்றையும் சின்னவரே போனில் முடித்துவிட்டார். பெரியவருக்கு மிஞ்சிய வேலை, பெட்டியைத் தூக்குவது ஒன்றுதான்.

அங்கே போய் இறங்கியதும் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. பாஷை புரியவில்லை. சின்னவர் போனை நீட்டிப் பேசுவார், போன் அந்த ஊர்ப் பாஷையில் பேசும், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். எந்த வாசலில் ஏறுவது, எந்தக் கதவைத் தள்ளுவது, எதை இழுப்பது, எல்லாம் சின்னவருக்குத் தெரிந்திருந்தது. பெரியவர் பெட்டிகளோடு பெட்டியாக நின்றார். ஒரு நாள் ரயில் நிலையத்தில் சின்னவர் எல்லாரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "சகலை எங்கே? ஆ, இங்கதான் இருக்கீங்களா" என்று தோளில் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார். பெரியவருக்கு அது தைத்தது.

அந்த நாடு ஒயினுக்குப் பேர்போனது. சின்னவர் கிளம்புவதற்கு முன்பே அதைப் பற்றி நிறையப் படித்து வைத்திருந்தார். கல்யாண நாளன்று குடிப்பதற்காக ஓர் இணையதளத்தில் இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் பதிவு செய்து, தங்குகிற வீட்டு முகவரிக்கே வரும்படி செய்திருந்தார். மலைச்சரிவில் ஏதோ ஒரு குடும்பம் செய்கிற ஒயினாம். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "ஈர மண் வாசனை, பின்னாடி லேசா புகை வாசனைன்னு எழுதியிருக்கான் ஒருத்தன்."

"மண்ணும் புகையும் வேணும்னா நம்ம வீட்டுப் பின்பக்கம் குப்பை எரிக்கும்போது வந்து நில்லுங்க. சும்மாவே கிடைக்கும்" என்றாள் அவர் மனைவி.

கல்யாண நாள் வந்தது. நால்வரும் காலையில் கோட்டை பார்க்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், கதவில் மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சின்னவர் போனைக் காட்டி வாசித்தார். பார்சல் கொண்டுவந்தோம், மது என்பதால் வாங்கியவரே பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், ஆள் இல்லை, திருப்பி எடுத்துப் போகிறோம். சின்னவர் அவர்கள் சொன்ன இடத்துக்கு டாக்ஸி பிடித்துப் போனார். திரும்பி வரும்போது சாயங்காலமாகிவிட்டது. முகம் தொங்கிப்போயிருந்தது. வண்டியில் ஏற்றும்போது பெட்டி விழுந்து இரண்டு பாட்டிலும் உடைந்துவிட்டதாம். பணம் திரும்பி வந்துவிடுமாம்.

"பணம் வந்து என்ன பண்றது? கல்யாண நாள் திரும்பி வருமா?" என்றார் சின்னவர். விளையாட்டாகச் சொல்லத்தான் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியவர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "பால் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒயின் வாங்கிவரத்தான் போகிறார் என்பதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு காரியத்தைத் தன் கையால் செய்துவிட வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

தெருமுனையில் பெரிய சூப்பர் மார்க்கெட். உள்ளே ஒயினுக்கென்றே ஒரு வரிசை. ஆனால் அதன் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பெரியவர் கயிற்றுக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு பணம் கட்டுகிற இடத்துக்குப் போனார். அங்கே இருந்தவள் தலைமுடியைக் கட்டையாக வெட்டிய நடுத்தர வயதுப் பெண். பாட்டிலை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். அந்த ஊரில் சாயங்காலத்துக்கு மேல் கடைகளில் மது விற்கக்கூடாது. அவருக்கு அது மெதுவாகத்தான் விளங்கியது. கையைக் கூப்பிக்கூடப் பார்த்தார். அவள் அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. பின்பக்கத் தெருவுக்குள் நுழைந்தார். செருப்புத் தைக்கிற கடை, துணி வெளுக்கிற கடை தாண்டி, பாதிக் கதவு திறந்த ஒரு சின்னக் கடை. பேரீச்சம்பழம், ஊறுகாய் ஜாடி, மெழுகுவர்த்தி, சோப்பு என்று எல்லாம் கலந்து கிடந்தன. மூலையில் ஒரு மரப்பீப்பாய், அதில் பித்தளைக் குழாய். கடைக்காரர் குண்டான மனிதர். மூக்குக்கண்ணாடியைச் சிவப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெரியவர் பீப்பாயைக் காட்டினார். கடைக்காரர் முதலில் தெருவை எட்டிப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். சின்னக் கண்ணாடி டம்ளர் இரண்டில் கொஞ்சம் பிடித்து, ஒன்றைப் பெரியவரிடம் கொடுத்து, மற்றதைத் தானே ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பெரியவருக்கு ஒயின் ருசி தெரியாது. தித்திப்பும் எரிச்சலும் கலந்து இறங்கியது. நல்ல சரக்கு எரியத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார். கடைக்காரர் இரண்டு காலி பாட்டிலில் நிரப்பி, தக்கையை உள்ளங்கையால் தட்டி இறுக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பாஷை இல்லை, போன் இல்லை, சின்னவர் இல்லை. தனி ஆளாக வாங்கியாகிவிட்டது. திரும்பி வரும்போது பெரியவரின் நடையே மாறியிருந்தது. பால் வாங்க மறந்துபோனார்.

"சகலை!" சின்னவர் துள்ளி எழுந்தார். "நீங்களா? எப்படி? எங்க கிடைச்சுது?"

"பின்தெருவுல. பீப்பாயிலேர்ந்து பிடிச்சுக் குடுத்தான். அவன் வீட்டுல செஞ்சது போல."

"பாத்தியா! நான் நாலு மாசமா போன்ல தேடிக் கிடைக்காதது, இவர் பால் வாங்கப் போய்க் கொண்டாந்துட்டாரு. உள்ளூர்க்காரன் குடிக்கிறதுதான் நிஜமான ஒயின்." அலமாரியைத் திறந்து தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பைகளை எடுத்தார். ஊற்றினார். படித்து வைத்திருந்தபடியே கோப்பையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

அங்கே ஒரு நொடி நின்றார். புருவம் மேலே போனது. பெரியவர் அதைப் பார்த்தார்.

அதற்குள் அக்கா தன் கோப்பையில் நாக்கை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ஐய, என்னங்க இது, பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு. வேணாம்பா, கீழ ஊத்துங்க."

"உனக்கு என்ன தெரியும்? காப்பியைத் தவிர வேற எதையாவது குடிச்சிருக்கியா?" பெரியவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. அவர் எல்லார் முன்னாலும் மனைவியிடம் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அக்கா கோப்பையை மேஜைமேல் தள்ளி வைத்தாள்.

சின்னவர்தான் நடுவில் புகுந்தார். "கொஞ்சம் காட்டம். ஆம்பளை ஒயின், அவ்வளவுதான். சகலை வாங்கிட்டு வந்தது சோடை போகுமா?" கோப்பையைத் தூக்கி, மனைவியைப் பார்த்து, "இருபத்தஞ்சு வருஷமா என்னைத் தாங்கினவளுக்கு" என்று சொல்லிக் குடித்தார். தங்கை குடிப்பவள் இல்லை. ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொண்டாள். பெரியவர் ஒரு கோப்பையைக் கஷ்டப்பட்டு முடித்தார், வயிறு சரியில்லை என்று அடுத்ததை வேண்டாமென்றார். சின்னவர் ஒரு பாட்டிலை முடித்து இரண்டாவதையும் திறந்தார். அன்றைக்கு அவர் சொன்ன கதைகளைக் கேட்டுத் தங்கைக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

மறுநாள் பெரியவர் எழுந்தபோது தலை பாரமாக இருந்தது. சின்னவர் எழுந்திருக்கவே இல்லை. பத்து மணிக்கு எழுப்பினால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார், வாந்தி எடுத்தார். "ஓவரா ஏத்திக்கிட்டாரு, வேற என்ன" என்றாள் தங்கை, கோபமும் சிரிப்புமாக. பெரியவர் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன். தூங்கினா தெளிஞ்சிரும்" என்று பெண்களை அனுப்பினார். வெளிச்சம் உறுத்தாமல் இருக்கட்டும் என்று திரையை இழுத்துவிட்டுப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார். பின்னாளில் அவரை அதிகம் தின்றது இந்தப் பொழுதுதான். உள்ளே ஒரு மனிதன் குருடாகிக்கொண்டிருந்தான். வெளியே அவர் சத்தம் குறைத்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கடந்து ஏதோ விழுகிற சத்தம். ஓடிப் போனார். சின்னவர் கட்டிலை விட்டு இறங்கி, நாற்காலியில் இடித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி நின்றிருந்தார். மூச்சு படிக்கட்டு ஏறினவனுக்கு இரைப்பது போல இரைத்தது.

"சகலை, பனி பெய்யுதா?"

"பனியா? எங்க?"

"ரூம் பூரா வெள்ளையா இருக்கு. உங்களையும் தெரியல. லைட்டைப் போடுங்க."

பெரியவர் திரையை விலக்கினார். வெயில் நேராகச் சின்னவர் முகத்தில் விழுந்தது. அவர் கண்ணைச் சிமிட்டவில்லை.

"போட்டுட்டீங்களா?" என்றார்.

டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலமாகிவிட்டது. அது சின்ன மருத்துவமனை, நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் பச்சைத் திரை போட்ட கட்டில்கள். இளம் வயது டாக்டர் ஒருத்தி. பெரியவர் எடுத்துவந்திருந்த சின்னவரின் போனில் அவள் பேச, போன் தமிழில் சொல்லியது, வானொலிச் செய்தி வாசிப்பது போல, ஏற்ற இறக்கமே இல்லாமல்: "தங்கள் உறவினர் எந்தப் பானத்தை அருந்தினார்? அது எங்கே வாங்கப்பட்டது?"

பெரியவர் சொன்னார். பின்தெரு, பீப்பாய், இரண்டு பாட்டில், வாங்கியது நான். ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் அவசரமாக எதையோ சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். போன் வாசித்தது: "அது விஷச் சாராயம். அது கண்ணின் நரம்பை அழிக்கிறது. பின்னர் உயிரை அழிக்கும். மாற்று மருந்து எங்களிடம் தீர்ந்துவிட்டது. இன்று இவர் மூன்றாவது நோயாளி. தலைநகரிலிருந்து மருந்து வந்துகொண்டிருக்கிறது. அதுவரை நல்ல மது விஷத்தைத் தடுக்கும். அதிக வலிமையுள்ள மதுவை வாங்கி வாருங்கள். தயவுசெய்து ஓடுங்கள்."

பெரியவருக்கு முதலில் போன் தப்பாகச் சொல்கிறதோ என்று தோன்றியது. டாக்டர் முகத்தைப் பார்த்தார். அவள் வாசலைக் காட்டினாள்.

கடைத்தெருவிலிருந்து ஓடிவந்த தங்கை தாழ்வாரத்தில் எதிரே வந்தாள். "எங்க போறீங்க மாமா? அவருக்கு என்ன?"

"சாராயம் வாங்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டி ஓடினார். அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

அதே சூப்பர் மார்க்கெட்தான் பக்கம். அன்றைக்கும் கயிறு கட்டியாகிவிட்டது. கயிற்றைத் தாண்டி, கண்ணில் பட்டதில் பெரிய பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பணம் கட்டுகிற இடத்தில் அதே கட்டைமுடிப் பெண். அவரை அடையாளம் கண்டுகொண்டாள். உதட்டைச் சுழித்துக்கொண்டு பாட்டிலைப் பிடுங்கி வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் போனில் தமிழில் கத்தினார்: "மருந்துக்கு வேணும்! ஆள் செத்துக்கிட்டு இருக்கான்!" போன் அதை என்னவென்று மாற்றியதோ, சிரிப்பு அதிகமாகத்தான் ஆனது. குடிக்காவிட்டால் செத்துவிடுவேன் என்று சொல்கிற குடிகாரர்களை அவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்களோ. காவலாளி வந்து அவர் தோளைப் பிடித்தான்.

பெரியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையில் மருத்துவமனை வாசலில் ஒட்டிய வட்டச் சீட்டு இருந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் ஒட்டுவார்கள். அதைக் கிழித்து எடுத்து இரண்டு கையாலும் அந்தப் பெண் முன்னால் நீட்டினார். அவள் சீட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பவர்களைப் பார்த்து ஏதோ அதட்டிவிட்டுப் போனை எடுத்தாள். மருத்துவமனையில் யார் யாரையோ மாற்றி மாற்றி இணைத்தார்கள் போலிருக்கிறது. அவள் காத்திருந்தாள், பேசினாள், மறுபடி காத்திருந்தாள். பெரியவர் தரையிலேயே இருந்தார். பிறகு அவள் முகம் வெளுத்தது. ஒரு பாட்டிலுக்கு இரண்டாக எடுத்து அவர் கையில் திணித்து, அவரைத் தூக்கி நிறுத்தி, வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள். பணம் வாங்கவில்லை.

நர்ஸ் அந்தச் சாராயத்தை அளந்து, தண்ணீர் கலந்து, சின்னவரின் மூக்கில் விட்டிருந்த குழாய் வழியாகச் செலுத்தினாள். பெரியவர் திரைக்கு வெளியே நின்று பார்த்தார். பாட்டிலில் தங்க எழுத்து, ஒரு சேவல் படம். வீட்டு விசேஷங்களில் சின்னவர் வைத்துக்கொண்டு கலாட்டா செய்கிற மாதிரிப் பாட்டில்தான்.

மருந்து வந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. பார்வை வரவில்லை. இனி வராது என்பதையும் போன்தான் சொன்னது, அதே செய்திக் குரலில். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை பெரியவர் பக்கம் திரும்பி, "எவ்வளவு நேரம் தனியா படுத்திருந்தாரு?" என்று கேட்டாள்.

"நீங்க போனதிலேர்ந்து... நான் பக்கத்து ரூம்லதான்..."

"ம்" என்றாள். அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எதுவும் சொல்ல வேண்டுமென்றால் அக்காவிடம் சொல்வாள்.

பெரியவருக்கு அந்தக் கடைக்காரனைக் கையில் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. போலீஸ்காரரை அழைத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனார். கடை பூட்டியிருந்தது. போலீஸ்காரர் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, பேசாமல் அவரை வண்டியில் ஏற்றி, முதலில் போன அதே சின்ன மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். தாழ்வாரத்தில் கடைசிக் கட்டில். பச்சைத் திரைக்குப் பின்னால் துணி போர்த்திய உடம்பு. பக்கத்து மேஜையில் சிவப்புக் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. நாற்காலியில் ஓர் இளம்பெண், மகளாக இருக்க வேண்டும், கண்ணாடியின் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் போன் வழியாகச் சொன்னார்: பீப்பாய்ச் சரக்கைக் கடைக்காரர் எங்கிருந்தோ மொத்தமாக வாங்கியிருக்கிறார்; அதில் விஷம் கலந்தது அவருக்கே தெரியாது; வருகிறவர்களுக்கெல்லாம் ருசி காட்டித் தானும் ஒவ்வொரு வாய் குடித்திருக்கிறார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர் திட்டத்தான் வந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு சொந்தக்காரர்கள் சாரிசாரியாக வந்தார்கள். எல்லாரும் தலையில் எழுதியது என்றார்கள். ராத்திரி படுக்கையில் அக்காவும் அதையே சொன்னாள். "நீங்களும்தான குடிச்சீங்க. வேணும்னா செஞ்சீங்க? உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அவளும் நானும் ரெண்டு பேரும்ல நின்னிருப்போம்."

"நீ கீழ ஊத்தச் சொன்ன" என்றார் பெரியவர்.

அவள் கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

சின்னவர் வேலையை விட்டார். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போனார். போனால் சின்னவர் பழைய மாதிரியே கலகலவென்று பேசுவார். "வாங்க சகலை! செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது, வலது காலைக் கொஞ்சம் இழுக்கறீங்க, டாக்டரைப் பாருங்க" என்பார். "இனிமே உங்க லிஃப்ட்ல கரண்ட் போனாலும் எனக்குக் கவலை இல்ல. வித்தியாசமே தெரியாது" என்பார். பெரியவர் சிரிப்பார். சிரித்துவிட்டு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தால், தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். பெரியவர் அந்த வீட்டுக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்துக் கொடுத்தார், படிகளின் ஓரத்தில் சொரசொரப்பான பட்டை ஒட்டினார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மனிதன் சிரிக்கிறானே, தேறிவருகிறான் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அவருக்குத் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது தங்கை கேட்வரை வந்தாள். பல மாதம் கழித்து நேருக்கு நேராகப் பேசினாள்.

"இனிமே நீங்க வர வேணாம்."

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"கோவத்துல சொல்லல. கோவம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்காகச் சொல்லல. நீங்க வர்ற நாள்ல காலையிலேர்ந்தே அவரு ஒத்திகை பாக்கறாரு. என்ன ஜோக் சொல்றதுன்னு எங்கிட்ட சொல்லிப் பாக்கறாரு. நீங்க வருத்தப்பட்டுரக் கூடாதாம். நீங்க போனப்புறம் ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டாரு. சாப்பிட மாட்டாரு. போன வாரம் சுவத்துல போய் மண்டையை மண்டையை முட்டிக்கிட்டாரு. நான் ஒருத்தியா பிடிக்க முடியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. அன்னிக்கும் உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் குடிச்சாரு. இன்னும் எத்தனை நாள் உங்க மனசுக்காக அவரு இருக்கணும்? எனக்காகக் கொஞ்சம் அவரை விட்டுருங்க."

உள்ளேயிருந்து சின்னவரின் குரல் கேட்டது. "சகலை போயிட்டாரா?"

"போயிட்டாரு" என்றாள் தங்கை, பெரியவரைப் பார்த்துக்கொண்டே.

அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா மட்டும் தங்கை வீட்டுக்குப் போனாள். பெரியவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து தெருத் திருப்பத்தில் இறக்கிவிட்டு, அவள் வரும்வரை அங்கேயே காத்திருப்பார். அவருக்கு வேலை அதிகம், வெளியூரில் புதுக் கட்டடம் என்று சின்னவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் நம்பினாரா என்று யாருக்கும் தெரியாது. சகலை எப்போ வராரு என்று கேட்பதை ஒரு கட்டத்தில் அவரும் நிறுத்திவிட்டார். முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார், சில நாள் அழுகிறார், பெரும்பாலும் சும்மா இருக்கிறார் என்று அக்கா வந்து சொல்வாள். சும்மா இருக்கிற சின்னவரைப் பெரியவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போலத் திருப்பத்தில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தார். வீட்டு கேட் திறந்தது. சின்னவர் வெள்ளைக் கோலைத் தரையில் தட்டிக்கொண்டு வந்தார். பின்னால் சில அடி தள்ளி, நடக்கப் பழக்கிக் கொடுக்கிற பெண் வந்துகொண்டிருந்தாள். பெரியவரை அவளுக்குத் தெரியாது. சின்னவர் இளைத்திருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, துக்கமும் இல்லை. ஒரு வேலையைக் கவனமாகச் செய்கிறவரின் முகம். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் கோல் கண்டுபிடித்தது, அவர் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கமாகவே வந்தார். கோலின் நுனி முன்சக்கரத்தில் தட்டியது.

நின்றார். "யாராவது இருக்கீங்களா?"

கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சகலை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பின்னால் வந்த பெண்ணிடம் சொல்லாதே என்று கையை அசைத்தார்.

"வண்டிதான் சார் நிக்குது. இடது பக்கமா வாங்க" என்றாள் பின்னால் வந்த பெண், பெரியவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு.

சின்னவர் தலையை லேசாகச் சாய்த்து இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு இடது பக்கமாக விலகி, கோலைத் தட்டிக்கொண்டு போனார். அவர் திருப்பம் தாண்டும்வரை பெரியவர் அசையவில்லை. அக்கா வந்து பின்னால் ஏறி உட்கார்ந்து, "என்னங்க, கிளம்பலையா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். வழியில் அவள் தங்கை வீட்டுச் செய்தியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ம் கொட்டிக்கொண்டே ஓட்டினார்.